நான்கு யானைகளும் ஒன்றையொன்று வெட்டவே முடியாது

சதுரங்கத்தில் குதிரையைப் போல வினோதமாகத் தாவும் காய்கள் வேறு உண்டா என்று நீடாமங்கலத்திலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார். அவர் ஊருக்குப் பக்கத்தில்தான் பூவனூர் சதுரங்க வல்லபநாதர் கோவில் இருக்கிறது, 2022 மாமல்லபுரம் ஒலிம்பியாட் சமயத்தில் எல்லோரும் பேசினார்களே, அதே கோவில்.

நிறைய உண்டு. சீனச் சதுரங்கத்தில் பீரங்கி நேராக ஓடும், ஆனால் வெட்டுவதற்கு மட்டும் நடுவில் சரியாக ஒரு காய் இருக்க வேண்டும், அதைத் தாண்டித்தான் வெட்டும். சதுரங்கப் புதிர்கள் அமைத்த ஆங்கிலேயர் டி. ஆர். டாசன் 1913-ல் உருவாக்கிய வெட்டுக்கிளி என்ற காய் ராணியின் திசைகளில் போய், முதலில் எதிர்ப்படும் காயைத் தாண்டி அதற்கு அடுத்த கட்டத்தில் இறங்கும். தாண்டக் காய் இல்லையென்றால் அசையாது.

சரி, எனக்கு மிகவும் பிடித்த காய்க்கு வருகிறேன். பழைய பாரசீக ஆட்டமான சத்ரஞ்சில் இன்று பிஷப் (மந்திரி) நிற்கும் இடத்தில் யானை நின்றது, நாம் மூலையில் வைக்கும் யானை வேறு. மூலைவாக்கில் சரியாக இரண்டு கட்டம் தாவும், நடுவில் எது நின்றாலும் கவலையில்லை. நிரல்களை இடமிருந்து ஏ, பி, சி என்றும் வரிசைகளைக் கீழிருந்து 1, 2, 3 என்றும் குறித்தால், சி1-லிருந்து ஏ3 அல்லது இ3, அங்கிருந்து சி5, ஜி5, ஜி1, அப்புறம் ஏ7, இ7. அவ்வளவுதான், 64 கட்டங்களில் அதற்குச் சொந்தம் வெறும் 8!

ஏன்? ஒவ்வொரு தாவலிலும் வரிசையும் நிரலும் இரண்டு இரண்டாக மாறுவதால், ஒற்றைப்படையில் தொடங்கினால் (சி1 என்பது மூன்றாம் நிரல், முதல் வரிசை) கடைசிவரை ஒற்றைப்படைதான். அப்படி இரண்டுமே ஒற்றைப்படையாக உள்ள கட்டங்கள் 16. அவற்றை மட்டும் வெட்டி எடுத்து ஒட்டினால் 4க்கு 4 குட்டிப் பலகை கிடைக்கும், அதற்குப் புதிதாகக் கறுப்பு வெள்ளை மாற்றி மாற்றி அடித்தால், அதில் யானை மூலைவாக்கில் ஒரே ஒரு கட்டம் போகிறது, ஆகவே ஒரே நிறத்தில்தான் நிற்க முடியும். 16-ல் பாதி 8. இதே கணக்கை எஃப்1, சி8, எஃப்8 யானைகளுக்கும் போட்டுப் பாருங்கள், நான்குக்கும் தனித்தனி எட்டு, ஒரு கட்டம்கூடப் பொதுவாக வராது. எத்தனை நேரம் ஆடினாலும் ஒரு யானை இன்னொரு யானையை வெட்ட வழியே இல்லை, மீதி 32 கட்டங்களில் எந்த யானையும் கால் வைக்காது.

பூவனூரில் இறைவன் சதுரங்கம் ஆடி இளவரசியை வென்றார் என்கிறது தலபுராணம். அதைக் கொண்டாடுவோம், ஆனால் அதையே வரலாற்றுச் சான்றாக வைத்துப் பேசுவதில் எனக்கு உடன்பாடில்லை. அந்த ஆர்வத்தில் டெல்டாவின் அரசுப் பள்ளிகளுக்குப் பத்துப் பத்துப் பலகை வாங்கிக் கொடுத்து, ஒற்றைப்படை இரட்டைப்படையை இந்த யானையை வைத்தே நடத்தச் சொல்லலாம்.

15-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஐரோப்பாவில்தான் இந்தக் காய் தாவலை விட்டு, மூலைவாக்கில் எவ்வளவு தூரமும் ஓடும் பிஷப்பாக நிலைத்தது. எட்டு கட்டம் முப்பத்திரண்டானது, நிறம் மட்டும் இன்றுவரை மாறவில்லை.