ரீஜெனரேஷன்: மீளுருவாக்கமா, மறுதழைப்பா?

புதுக் கால்பந்து அரங்கம் கட்டும் செய்தி எது வந்தாலும், 'சுற்றுப்பகுதியின் மீளுருவாக்கம்' என்ற தொடரும் ஒட்டிக்கொண்டு வருகிறது. நலிந்த ஊர்ப்பகுதிக்குப் புத்துயிர் கொடுப்பதை ஆங்கிலத்தில் 'ரீஜெனரேஷன்' என்கிறார்கள்; அதற்கு இது தவறான சொல்.

மூலம் லத்தீன்: 'ரீ' மறுபடி, 'ஜெனராரே' பிறப்பித்தல். உயிரியல் பாடநூலில் பல்லிவால் முளைப்பதை 'இழப்பு மீட்டல்' என்றார்கள். வாலுக்குச் சரி, தெருவுக்கு ஒட்டாது.

மீளுருவாக்கத்தில் இடறுவது 'உரு'. சிதைந்த சிலையைப் பழையபடியே வடித்தால் அது மீளுருவாக்கம். இங்கிலாந்தின் லிவர்பூலில் எவர்டன் கால்பந்துக் கழகத்தின் அரங்கம் எழுந்த இடம், 1848-இல் திறந்த பிராம்லி-மூர் கப்பல்துறை. நீர் நின்ற பள்ளத்தில் கடல்மணலை நிரப்பி, பழைய கல்சுவர்களை அடியில் விட்டு, ஏறத்தாழ 53,000 இருக்கைகளோடு கட்டி 2025-இல் ஆட்டம் தொடங்கினார்கள். துறையின் உரு எங்கே மீண்டது? 2021-இல் யுனெஸ்கோ தன் உலகப் பாரம்பரியப் பட்டியலிலிருந்து லிவர்பூலை நீக்கியபோது சொன்ன காரணங்களில் இந்த அரங்கத் திட்டமும் ஒன்று. உரு போன இடத்துக்கு மீளுருவாக்கம் என்று பெயர் வைப்பது பொருளையே கவிழ்க்கிறது.

'மறுசீரமைப்பு' குழி விழுந்த சாலைக்குப் போதும். 'புனரமைப்பு' கட்டடத்தோடு நின்றுவிடும், குடியிருக்கும் ஆட்களைத் தொடாது.

நான் வைக்கும் சொல் மறுதழைப்பு. பாலக்கோட்டுப் பக்கம் கரும்பு வைப்பவர்களுக்கு விளக்கவே வேண்டாம், மறுதாம்பு, அதாவது வெட்டிய கரும்பின் அடிக்கட்டையிலிருந்தே அடுத்த பயிரை வளர்ப்பது, அவர்கள் கைப்பழக்கம். வெட்டிய கட்டையை மண்ணோடு மண்ணாகச் சீவ வேண்டும். உயரமாக விட்டால் மேல்கணுவில் வரும் முளை மண்ணில் வேர் பிடிக்காமல் சாய்ந்துவிடும். முளைக்காமல் வெற்றாகக் கிடக்கும் போக்கிடத்தில் மட்டும் புதுக் கரணை (விதைக்கரும்புத் துண்டு) ஊன்றுவார்கள். மற்றதெல்லாம் பழைய தூரிலிருந்தே தழைக்கும். ஊருக்கும் இதுதான் அளவுகோல். காலி கிட்டங்கி நின்ற இடத்தில் புதுக் கட்டடம் வரட்டும். ஆனால் அங்கிருந்த கடைக்காரரும் வாடகைக் குடித்தனமும் அங்கேயே இருந்து பிழைப்பு பெருக வேண்டும். அவர்களைக் கிளப்பிவிட்டுக் கட்டினால் அது தூரைத் தோண்டிப் போட்டுச் செய்யும் புதுநடவு. அதற்கு 'இடித்துக் கட்டல்' என்றே எழுதுங்கள்.

'ரீ' கண்ட இடமெல்லாம் 'மீள்' போட்டுவிட்டு அடுத்த வரிக்கு ஓடும் மொழிபெயர்ப்புப் பழக்கம்தான் இதற்கெல்லாம் வேர். சொல்லை வினையாக்கிப் பார்த்தாலே குறை தெரிந்துவிடும். 'மீளுருவாக்கப்பட்ட பகுதி' என்பதில் யாரோ வெளியாள் வந்து செய்துவிட்டுப் போன தொனி. 'துறைமுகத் தெரு மறுதழைத்தது' என்று எழுதினால் தெருவே எழுவாயாக நிற்கிறது.