மாடி கட்டின கணக்கு நோட்டைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள்

சனிக்கிழமை சாயங்காலம் வேலை முடிந்ததும் கொத்தனார் கைகால் கழுவிக்கொண்டு திண்ணையில் வந்து உட்காருவார். பெரியாளும் சித்தாள்களும் கேட் பக்கம் நிற்பார்கள். அப்பா லாங் சைஸ் நோட்டைப் பிரித்து, யார் எத்தனை நாள் வந்தார்கள் என்று உரக்கப் படித்துவிட்டுப் பணத்தை எண்ணிக் கொடுப்பார். 2016-இல் எங்கள் வீட்டுக்கு மாடி எடுத்தபோது இப்படி எட்டு மாதம் நடந்தது. பழைய 500, 1,000 ரூபாய் நோட்டுகள் செல்லாமல் போன அந்த நவம்பரில் மூன்று வாரச் சம்பளம் பாக்கி நின்றதுகூட நோட்டில் இருக்கிறது. டீ, வடைக் கணக்கும் இருக்கிறது.

போன வருடம் வீட்டை விற்றபோது ஆடிட்டர் முதலில் கேட்டது பத்திரத்தை. அடுத்துக் கேட்டது, "மாடி கட்டின செலவுக்கு ஏதாவது வெச்சிருக்கீங்களா?" நோட்டை நீட்டினோம். புரட்டிப் பார்த்தவர், "எல்லாம் ஒரே தலைப்புல இருக்கே சார். இதுல மாடிக்கு எவ்வளவு, கீழ பெயின்ட் அடிச்சதுக்கு எவ்வளவு?" என்றார். அப்பாவிடம் பதில் இல்லை. அந்த இரண்டையும் வருமான வரிச் சட்டம் இரண்டு விதமாகப் பார்க்கிறது என்பது அதுவரை எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது.

வீட்டை வாங்கி 24 மாதத்துக்கு மேல் வைத்திருந்து விற்றால் வரும் லாபம் நீண்டகால மூலதன ஆதாயம். விற்ற விலையிலிருந்து மூன்றைக் கழிக்கலாம். ஒன்று, புரோக்கர் கமிஷன் போன்ற விற்பனைச் செலவு. இரண்டு, வாங்கிய விலை. முத்திரைத்தாள் கட்டணமும் பதிவுக் கட்டணமும் இதில் சேரும். மூன்றாவது, மேம்பாட்டுச் செலவு. பலர் கோட்டை விடுவது இதில்தான்.

1961-ஆம் ஆண்டுச் சட்டத்தில் 48, 55 ஆகிய பிரிவுகள் இதைச் சொல்கின்றன. அதன் இடத்தில் 2025-ஆம் ஆண்டின் புதிய வருமான வரிச் சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் அமலுக்கு வந்திருக்கிறது. பிரிவு எண்கள் மாறிவிட்டன, கழிக்கும் முறை அதேதான். எங்கள் விற்பனை 2025-26 நிதியாண்டில் முடிந்ததால் பழைய சட்டத்தின் கணக்கு.

மேம்பாடு என்றால் வீட்டோடு புதிதாகச் சேர்ந்தது, அல்லது வீட்டையே மாற்றியது. மாடி, கூடுதல் அறை, காம்பவுண்டு சுவர், போர்வெல், சம்ப், மாடிப்படி, சிமென்ட் தரையைப் பெயர்த்து கிரானைட் போட்டது எல்லாம் இதில் வரும். சுண்ணாம்பு அடிப்பது, பட்டி பார்த்துப் பெயின்ட் அடிப்பது, ஒழுகும் குழாயை மாற்றுவது, தளத்தில் விரிசல் அடைப்பது போன்றவை பராமரிப்பு. இருந்ததை இருந்தபடி வைத்துக்கொள்ளச் செய்யும் செலவு அது. லாபத்தில் கழிக்க முடியாது. சோபா, கட்டில், ஏசி பற்றிப் பேச்சே இல்லை.

இரண்டுக்கும் நடுவில் சண்டைக்குரிய சில உண்டு. மாடுலர் கிச்சன், ஃபால்ஸ் சீலிங், சுவரில் பதித்த அலமாரி போன்றவை. சுவரோடு பதிந்து வீட்டோடு சேர்ந்தே கைமாறுகிறது என்றால் கேட்டுப் பார்க்கலாம், கேள்வி வரும் என்ற தயாரிப்போடு. கழற்றி லாரியில் ஏற்றிக்கொண்டு போகக்கூடியது என்றால் விட்டுவிடுங்கள். இது என் அளவுகோல். சட்டத்தில் இப்படி ஒரு வரி இல்லை.

ஒரே வேலையில் இரண்டும் கலந்து வரும்போதுதான் குழப்பம். மேல்மாடி கட்டும்போது, "ஆளு வந்திருக்கும்போதே கீழேயும் ஒரு கை பார்த்துடலாம்" என்று எல்லா வீட்டிலும் சொல்வார்கள். பெயின்டர் ஒரே தொகை வாங்கிக்கொண்டு போய்விடுவார். புதிதாகக் கட்டிய மாடிக்கு அடித்த முதல் பெயின்ட் கட்டுமானச் செலவு. அதே வாளியிலிருந்து கீழே அடித்தது பராமரிப்பு. எத்தனை சதுர அடி மேலே, எத்தனை கீழே என்று அன்றைக்கே பிரித்து எழுதினால் இரண்டு நிமிட வேலை. ஒன்பது வருடம் கழித்து எங்களால் முடியவில்லை. கலந்து கிடந்த ஒரு லட்சத்துச் சொச்சத்தை அப்படியே விட்டுவிட்டோம்.

வீட்டுக் கணக்கு எழுதுகிறவர்கள் இரண்டு தலைப்பு வைத்துக்கொண்டால் போதும்: 'வீடு – மேம்பாடு', 'வீடு – பராமரிப்பு'. பராமரிப்பு, மளிகை மாதிரி அந்த மாதச் செலவில் போய்விடும். மேம்பாடு செலவே இல்லை, சொத்து. பத்திர விலைக்கு அடியில் ஒவ்வொரு வரியாக ஏறிக்கொண்டே போக வேண்டும். கம்பெனிக் கணக்கில் போடுவதுபோல வருடா வருடம் தேய்மானம் கழிக்க வேண்டாம்; குடியிருக்கும் வீட்டுக்கு அது கிடையாது. பக்கத்து வீடு என்ன விலைக்குப் போனது என்று கேட்டுவிட்டு மதிப்பை ஏற்றி எழுதவும் வேண்டாம்.

தேதி முக்கியம். வரிக் கணக்குக்கு வருடம் என்பது ஏப்ரல் முதல் மார்ச் வரை. பிப்ரவரியில் தொடங்கி மே மாதம் முடிந்த வேலை இரண்டு நிதியாண்டுகளில் விழும். ரிட்டர்ன் படிவத்திலும் மேம்பாட்டுச் செலவை எந்த ஆண்டில் செய்தீர்கள் என்று தனியாகக் கேட்பார்கள். ஏன் என்பது எண்ணைப் போட்டுப் பார்த்தால் விளங்கும்.

கணக்குப் புரிவதற்காக எண்களை முழுசாக்கிச் சொல்கிறேன். 2010-11-இல் பதிவுச் செலவு உட்பட 25 லட்சத்துக்கு வாங்கிய வீடு. 2016-17-இல் 12 லட்சத்துக்கு மாடி. 2025-26-இல் 95 லட்சத்துக்கு விற்பனை, புரோக்கருக்கு 1 லட்சம். 2024 ஜூலை 23 முதல் நடக்கும் விற்பனைக்கு 12.5 சதவீத வரி, பணவீக்கச் சரிக்கட்டல் (விலைவாசி ஏறியதற்கேற்ப வாங்கிய விலையை ஏற்றிக் கணக்கிடுவது) கிடையாது. ஆனால் அந்தத் தேதிக்கு முன்பே வாங்கிய நிலமோ கட்டடமோ என்றால், இந்தியாவில் வசிக்கும் தனிநபரும் இந்துக் கூட்டுக் குடும்பமும் பழைய முறையிலும் கணக்குப் போட்டுப் பார்த்து, எது குறைவோ அதைக் கட்டலாம். பழைய முறை என்பது பணவீக்கக் குறியீட்டைச் சேர்த்து 20 சதவீதம்.

12.5 சதவீத வழியில் 94 லட்சத்தில் 37 லட்சம் போனால் லாபம் 57 லட்சம். வரி 7,12,500 ரூபாய். பழைய முறைக்குக் குறியீட்டு எண் வேண்டும். 2010-11-க்கு 167, 2016-17-க்கு 264, 2025-26-க்கு 376. செலவை விற்ற ஆண்டின் எண்ணால் பெருக்கி, செலவழித்த ஆண்டின் எண்ணால் வகுக்க வேண்டும். வாங்கிய 25 லட்சம் 56,28,743 ஆகிறது. மாடியின் 12 லட்சம் 17,09,091 ஆகிறது. லாபம் 20,62,166; வரி 4,12,433. இதுதான் குறைவு.

மாடிக் கணக்கே இல்லாவிட்டால்? பழைய முறையில் வரி 7,54,251-க்குப் போய்விடும். ஆக, ஒரு நோட்டு 3,41,818 ரூபாய் பெறும். வரியின் மேல் போடும் செஸ், சர்சார்ஜ் எல்லாம் இதற்கு மேல் தனி. 2024 ஜூலை 23-இல் இருந்து வாங்குகிற வீட்டுக்குக் குறியீட்டு வழியே இல்லை. அப்போதும் 12 லட்சம் மேம்பாட்டுக்கு ஆதாரம் இருந்தால் வரியில் 1,50,000 குறையும். சிங்கப்பூரிலோ வளைகுடாவிலோ இருந்துகொண்டு ஊர் வீட்டை விற்பவர்கள் கவனிக்கவும்: வரிச் சட்டப்படி இந்தியாவில் வசிக்காதவருக்கு அந்த 20 சதவீத வாய்ப்பு கிடையாது.

இனி ஆதாரம். நோட்டு மட்டும் போதாது, ஆனால் நோட்டு இல்லாமல் மற்றவை கோவையாகாது. டைல்ஸ், கம்பி, சிமென்ட் கடைகளின் ஜிஎஸ்டி பில் வேண்டும். எங்கள் கவரில் டைல்ஸ் கடை பில் பத்திரமாகத்தான் இருந்தது, ஆனால் வெள்ளைத் தாளாக. சூட்டில் அச்சாகிற அந்த வழவழப்பான காகிதம் நாளாக ஆக வெளிறிவிடும். வாங்கிய அன்றே ஜெராக்ஸ் எடுங்கள், இல்லையென்றால் போனில் படம் பிடித்துத் தேதியோடு சேமியுங்கள். "பில் வேண்டாம்னா கொஞ்சம் பார்த்துப் போடறேன்" என்று கடைக்காரர் சொல்வார். அவர் குறைக்கும் தொகை உங்கள் காதில் விழும். விற்கும்போது உங்களுக்குக் குறையாமல் போகும் வரி விழாது. பில் இல்லாத சரக்கு உடைந்து வந்தாலும் கேட்க நாதியில்லை.

கூலிக்குப் பில் கிடைக்காது. அதற்கு வவுச்சர் எழுதிக் கையெழுத்து வாங்க வேண்டும்: தேதி, என்ன வேலை, எத்தனை நாள், எவ்வளவு தொகை. 5,000 ரூபாய்க்கு மேல் போகும் ரசீதில் ஒரு ரூபாய் ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்ட வேண்டும். மேஸ்திரியிடம் மொத்தமாகக் கான்ட்ராக்ட் விட்டால் எஸ்டிமேட்டில் இருவரும் கையெழுத்திட்டு ஒரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். ஒரே வேலைக்கு 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவதைச் சட்டம் தடுக்கிறது. அபராதம் வாங்கியவருக்குத்தான் என்றாலும், உங்கள் நோட்டில் 'மேஸ்திரிக்கு ரொக்கம் 3 லட்சம்' என்று எழுதி அதையே ஆதாரமாக நீட்டினால் அவரை நீங்களே மாட்டிவிட்ட மாதிரி. காசோலையோ யுபிஐயோ இரண்டு பேருக்கும் நல்லது. ஒரே ஒப்பந்ததாரருக்கு ஒரு வருடத்தில் 50 லட்சத்துக்கு மேல் கொடுப்பவர்கள் 2 சதவீதம் டிடிஎஸ் (கொடுக்கும்போதே பிடித்து அரசுக்குக் கட்டும் வரி) பிடிக்க வேண்டும். அந்த அளவில் கட்டுகிறவர்களுக்கு ஆடிட்டர் ஏற்கெனவே இருப்பார்.

பணம் எங்கிருந்து வந்தது என்பதையும் நோட்டில் எழுதுங்கள். 12 லட்சம் செலவழித்தேன் என்று சொன்ன மறுநிமிடம், அந்த வருடம் உங்களுக்கு ஏது 12 லட்சம் என்று கேட்க அதிகாரிக்கு உரிமை உண்டு. சேமிப்புக் கணக்கு, நகைக்கடன், மச்சான் கொடுத்த கைமாற்று என எதுவானாலும் ஒரு வரி போதும். வங்கி ஸ்டேட்மென்ட்டை வருடா வருடம் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். பத்து வருடம் கழித்துக் கிளைக்குப் போய் நின்றால் என்ன நடக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. கட்டட அனுமதி, மாடிக்குப் பிறகு உயர்ந்த சொத்து வரி ரசீது, புதிய மின் இணைப்பு ஆகியவை எவ்வளவு செலவானது என்று சொல்லாது. ஆனால் மாடி அந்த வருடம் எழுந்தது என்பதை இவற்றைப்போலச் சொல்ல வேறு சாட்சி இல்லை.

கடன் வாங்கி வேலை பார்த்தவர்களுக்கு வேறொரு கணக்கு. ரிட்டர்னில் பழைய வரி முறையை (ஓல்ட் ரெஜிம்; மேலே சொன்ன குறியீட்டு முறை அல்ல) தேர்ந்தெடுத்தவர், குடியிருக்கும் வீட்டைப் பழுதுபார்க்க வாங்கிய கடனுக்கு வருடம் 30,000 ரூபாய் வரை வட்டியைக் கழிக்கலாம். வாங்கவோ கட்டவோ எடுத்த கடனுக்கான 2 லட்சம் உச்சவரம்புக்குள்தான் இதுவும் அடங்கும். வங்கிக் கடனாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. பணம் வீட்டு வேலைக்குப் போனது தெரிய வேண்டும், வட்டிக்குச் சான்று வேண்டும். அசலைத் திருப்பிக் கட்டுவதற்கான வரிச் சலுகை (1961 சட்டத்தில் 80சி), குடிபோன வீட்டைப் புதுப்பிக்கும் கடனுக்கு இல்லை. புதிய வரி முறையில், குடியிருக்கும் வீட்டுக்கு வட்டிக் கழிவும் இல்லை. இப்படிக் கழித்த வட்டியையே விற்கும்போது வீட்டின் விலையில் மறுபடி சேர்ப்பதை 2023-ஆம் ஆண்டு நிதிச் சட்டம் நிறுத்திவிட்டது.

வாடகைக்கு விட்ட வீட்டில் பெயின்ட் பில்லைக் காட்டி வரி குறைக்கலாமா என்று அடிக்கடி கேட்கிறார்கள். முடியாது. வாடகையில் சொத்து வரி போக மீதியில் 30 சதவீதம் தானாகவே கழியும். ஒன்றரை லட்சத்துக்கு வேலை பார்த்தாலும் அதுதான், ஒரு ஆணிகூட அடிக்காவிட்டாலும் அதுதான்.

அப்பா, தாத்தா வழியில் வந்த வீடு என்றால் அவர்கள் வாங்கிய விலையும் அவர்கள் செய்த மேம்பாடும் உங்கள் கணக்கில் வரும். ஆனால் 2001 ஏப்ரல் 1-க்கு முன் செய்த மேம்பாட்டை எடுக்க முடியாது. அதற்குப் பதிலாக, வீடு அந்தத் தேதிக்கு முன் வாங்கப்பட்டிருந்தால் அன்றைய சந்தை மதிப்பையே வாங்கிய விலையாக வைக்கலாம். அரசு வழிகாட்டி மதிப்பு இருந்தால் அதைத் தாண்டக் கூடாது. ஆகவே தாத்தா 1994-இல் போட்ட மொசைக் தரைக்குப் பில் தேட வேண்டாம். அப்பா 2004-இல் கட்டிய மாட்டுத்தொழுவத்துக்குத் தேடுங்கள்.

வீட்டை விற்று வரி கட்டிய உடனே கவரைக் காலி செய்துவிடக் கூடாது. கணக்கில் விட்டுப்போன வருமானம் 50 லட்சம் அல்லது அதற்கு மேல் என்று துறை கருதினால், விற்ற நிதியாண்டுக்கு அடுத்து வரும் மதிப்பீட்டு ஆண்டு முடிந்து 5 வருடம் 3 மாதம் வரை மறுமதிப்பீட்டு நோட்டீஸ் அனுப்பலாம். 2025-26-இல் விற்ற எங்களுக்கு அது 2032 ஜூன் வரை இழுக்கிறது. அப்பாவின் நோட்டை பிளாஸ்டிக் கவரில் போட்டுப் புது வீட்டுப் பரணில் வைத்திருக்கிறோம், அந்த வெள்ளைத் தாள் பில்லோடு.