கிரான் வேலை தொங்கினால் உடனே கொல்லாதீர்கள்

லினக்ஸ் சர்வரில் குறித்த நேரத்தில் வேலைகளைத் தானாகக் கிளப்பும் சேவைதான் கிரான். அதில் பிழை வந்து நின்றுபோகிற வேலையைப் பற்றி எனக்குப் பெரிய கவலை கிடையாது. அது கத்திவிட்டுத்தான் சாகும், லாக்கில் (பதிவுக் கோப்பில்) ஒரு வரி இருக்கும், மெயில் வரும், காலையில் பார்த்துச் சரிசெய்துவிடலாம். தொங்கிக்கொண்டிருக்கும் வேலைதான் ஆபத்து. அது தோற்கவும் இல்லை, முடியவும் இல்லை, அதனால் யாரிடமும் எதுவும் சொல்வதில்லை. கிரான் லாக்கில் பெரும்பாலும் வேலை தொடங்கிய வரி மட்டும்தான் இருக்கும், முடிந்ததா என்பது இருக்காது. ஆகவே தினமும் சரியான நேரத்துக்கு ஒரு வரி விழுவதைப் பார்த்துவிட்டு 'பேக்கப் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது' என்று நிம்மதியாக இருப்பவர்கள் நிறையப் பேர். ஓடிக்கொண்டுதான் இருக்கிறது, பிரச்சினையே அதுதான்.

முந்தைய ஓட்டம் முடிந்ததா என்று கிரான் பார்ப்பதே இல்லை. நேரம் வந்தால் அடுத்ததைக் கிளப்பிவிடும். 5 நிமிடத்துக்கு ஒருமுறை ஓடும் ஸ்கிரிப்ட் ஒவ்வொரு முறையும் தொங்கினால் ஒரே நாளில் 288 பிராசஸ் (ஓடும் நிரல்) சேர்ந்துவிடும். மெமரி தீரும், டேட்டாபேஸ் கனெக்ஷன் தீரும், அப்புறம் சம்பந்தமே இல்லாத இன்னொரு சேவை விழும். எல்லாரும் அதைத்தான் போய்ப் பார்ப்பார்கள்.

இந்தக் கட்டத்தில் கை தானாகவே, பிராசஸை வலுக்கட்டாயமாகக் கொல்லும் கில் மைனஸ் 9-க்குப் போகும், அல்லது சர்வரையே ரீபூட் செய்துவிடுவார்கள். வேலை மறுபடி ஓடும், எல்லாருக்கும் சந்தோஷம். ஆனால் அது எதற்காகக் காத்திருந்தது என்ற ஒரே தடயமும் அதோடு போய்விட்டது, சில நாளில் அதே இடத்தில் மறுபடி நிற்கும். தொங்கும் பிராசஸ் என்றால் அது எதற்காகவோ காத்திருக்கிறது, அவ்வளவுதான். கொல்வதற்கு முன் ஐந்து நிமிடம் செலவழித்தால் எதற்காக என்று அதனிடமே கேட்டுவிடலாம்.

முதலில் பிராசஸ் மரத்தை, அதாவது எது எதைக் கிளப்பியது என்ற வரிசையை, பாருங்கள். ஸ்கிரிப்டைப் பார்த்துப் பயனில்லை, அது தன் பிள்ளை முடியட்டும் என்று காத்திருக்கும். மரத்தின் நுனியில் இருப்பதுதான் குற்றவாளி. பிராசஸ்களைப் பட்டியலிடும் பிஎஸ் கட்டளையில் ஸ்டேட் என்ற பத்தியையும் எவ்வளவு நேரமாக ஓடுகிறது என்ற பத்தியையும் சேர்த்துக் கேளுங்கள். ஸ்டேட்டில் 'ஆர்' என்று இருந்து சிபியூவைத் தின்றுகொண்டிருந்தால் அது தொங்கவில்லை, எங்கோ முடிவில்லாமல் சுற்றுகிறது, அது வேறு கதை. 'எஸ்' என்றால் சாதாரணக் காத்திருப்பு: நெட்வொர்க், பைப் (ஒரு நிரல் எழுதுவதை இன்னொன்றுக்குக் கொண்டுபோகும் குழாய்), பூட்டு. 'டி' (ஆங்கில D) என்றால் கர்னலுக்குள்ளேயே, அதாவது இயங்குதளத்தின் மையத்துக்குள்ளேயே, மாட்டிக்கொண்டது, பெரும்பாலும் டிஸ்க் அல்லது என்எஃப்எஸ் (நெட்வொர்க் வழியாக வரும் டிஸ்க்).

'எஸ்' நிலையில் இருப்பதை, பிராசஸ் கர்னலிடம் என்ன கேட்கிறது என்று காட்டும் எஸ்டிரேஸ் கொண்டு தொட்டுப் பார்த்தால், ரூட்டாக (நிர்வாகியாக) இருந்தால், பெரும்பாலும் ஒரே ஒரு வரிதான் வரும், அதற்குமேல் அசையாது. உதாரணமாக, ரீட் என்று போட்டு 3 என்று ஒரு எண். ப்ராக் டைரக்டரிக்குள் அந்தப் பிராசஸின் எஃப்டி என்ற இடத்தில் 3 எதைச் சுட்டுகிறது என்று பார்த்தால் ஒரு சாக்கெட், அதாவது நெட்வொர்க் இணைப்பின் முனை. எஸ்எஸ் கட்டளையில் அந்த சாக்கெட் 'எஸ்டாப்' என்று, அதாவது இணைப்பு உயிரோடு இருப்பதாகக் காட்டும். எதிர்முனைக்குப் போய்ப் பார்த்தால் அப்படி ஒரு இணைப்பே இருக்காது. நடுவில் இருக்கும் ஃபயர்வால் மறந்திருக்கும், அல்லது அந்த சர்வர் ரீபூட் ஆகியிருக்கும். டிசிபியில் படிக்கக் காத்திருப்பவனுக்கு யாரும் வந்து சொல்லாதவரை எதிரே ஆள் இல்லை என்று தெரியவே தெரியாது. எதிர்முனை இன்னும் இருக்கிறதா என்று சோதிக்கும் கீப்அலைவ் இருக்கிறதே என்பார்கள். அதை நிரல் தானே கேட்டு வாங்க வேண்டும், வாங்கினாலும் லினக்ஸில் முதல் சோதனையே இயல்பாக 7200 வினாடி, அதாவது 2 மணி நேரம் கழித்துத்தான். ஃபைல்களை நகலெடுக்கும் ஆர்சிங்கில் டைம்அவுட் (காத்திருப்பு எல்லை) இயல்பாக 0, அதாவது கிடையாது. வலையிலிருந்து இறக்கும் கர்லும் இணைப்பு கிடைத்தபிறகு மொத்த நேரத்துக்கு எல்லை வைப்பதில்லை. இரண்டிலும் நாம்தான் போட வேண்டும். தொலைவிலுள்ள சர்வருக்குள் நுழையும் எஸ்எஸ்ஹெச் என்றால் சர்வர்அலைவ்இன்டர்வல் என்ற அமைப்பு.

எஸ்டிரேஸ் ரைட் என்று நின்றால், பைப்பின் மறுமுனையில் யாரோ படிக்கவில்லை என்று பொருள். லினக்ஸ் பைப் இயல்பாக 65,536 பைட் பிடிக்கும், நிரம்பினால் எழுதுபவன் நின்றுவிடுவான். சோதிக்கும்போது குறைவான டேட்டா, அதனால் எல்லாம் ஓடும். நிஜத்தில் லாக் பெரிதாகும் அன்று மாட்டும்.

'பாஸ்வேர்டு கேட்டு நிற்கிறதோ' என்றுதான் பலர் முதலில் சந்தேகிக்கிறார்கள். கிரானில் டெர்மினல் கிடையாது என்பதால் அப்படிக் கேட்கும் நிரல்கள் பெரும்பாலும் உடனே தோற்றுத்தான் போகும், தொங்காது. அங்கே ரொம்ப நேரம் தேட வேண்டாம்.

'டி' நிலைதான் எரிச்சல். கில் மைனஸ் 9 அனுப்பினாலும் காத்திருக்கும் விஷயம் திரும்பி வரும்வரை அது காதில் விழாது (என்எஃப்எஸ் காத்திருப்பு இப்போதைய கர்னலில் பல நேரம் செத்துவிடும், பழுதான டிஸ்க் அப்படியில்லை). சிபியூ சும்மா இருக்க லோடு ஆவரேஜ் (வேலைச்சுமையின் சராசரி) மட்டும் ஏறிக்கொண்டே போனால் இந்த 'டி' பிராசஸ்களைத்தான் முதலில் எண்ண வேண்டும், லினக்ஸ் அவற்றையும் லோடில் சேர்க்கிறது. கர்னல் செய்திகளைக் காட்டும் டிமெசேஜில் 120 வினாடிக்குமேல் பிளாக் ஆனது என்று கர்னலே எழுதியிருக்கவும் வாய்ப்புண்டு. அவசரத்தில், டிஸ்கில் உள்ள இடத்தைக் காட்டும் டிஎஃப் அடிக்காதீர்கள், செத்துப்போன என்எஃப்எஸ் மவுண்ட் இருந்தால் அதுவும் போய்த் தொங்கும். மவுண்ட் பட்டியலை ப்ராக்கிலிருந்து படித்தால் பயமில்லை.

காரணம் தெரிந்தபிறகு தடுப்பு. எல்லாரும் சொல்வது ஃப்ளாக் (flock) கட்டளையை, காத்திருக்காதே என்ற மைனஸ் என் தேர்வோடு போட்டு, பூட்டு வைப்பது: ஒன்று ஓடும்போது இன்னொன்று கிளம்பாது. நல்லதுதான், ஆனால் அது பாதித் தீர்வு, சில நேரம் நிலைமையை மோசமாக்கும். முன்பு 288 பிராசஸ் குவிந்து, லோடு ஏறி, யாராவது கவனித்திருப்பார்கள். பூட்டு வைத்தபிறகு முதல் பிராசஸ் தொங்கினால் மற்றவை சத்தமில்லாமல் திரும்பிவிடும். பேக்கப் மாதக்கணக்கில் எடுக்கப்படாமல் இருக்கும், சர்வரோ பார்க்க ஆரோக்கியமாக இருக்கும். ஆகவே பூட்டுக்கு உள்ளே டைம்அவுட் கட்டளையும் வேண்டும்: 20 நிமிடத்தில் முடியாவிட்டால் முடித்துவிடு, அதற்கும் அடங்காவிட்டால் 30 வினாடி கழித்துக் கொல். நேரம் தாண்டினால் அது 124 என்ற எண்ணோடு திரும்பும், கொல்ல வேண்டி வந்தால் 137. அந்த எண்ணைத் தூக்கி எறியாமல் லாக்கில் எழுதுங்கள். எவ்வளவு நேரம் வைப்பது? வழக்கமாக ஆகும் நேரத்தைப்போல மூன்று மடங்கு என்பது என் பழக்கம். மாதக் கடைசியில் டேட்டா கூடுகிற வேலையென்றால் அன்றைய நேரத்தைக் கணக்கில் எடுங்கள். ஒன்று, பிராசஸ் 'டி' நிலையில் மாட்டினால் டைம்அவுட்டாலும் அதை முடிக்க முடியாமல் போகலாம்.

கிரானை விட்டு, லினக்ஸில் சேவைகளை நிர்வகிக்கும் சிஸ்டம்டியின் டைமருக்கு மாறிவிட்டோம், எங்களுக்குக் கவலையில்லை என்பவர்களுக்கு: ஓடிக்கொண்டிருக்கும் சர்வீஸை டைமர் இரண்டாவது முறை கிளப்பாது, சரி. ஆனால் ஒன்ஷாட் (ஒருமுறை ஓடி முடியும்) வகைக்கு டைம்அவுட்ஸ்டார்ட்செக் இயல்பாகவே எல்லையில்லாதது, ரன்டைம்மேக்ஸ்செக் போட்டாலும் இந்த வகைக்கு அது வேலை செய்யாது. அதாவது ஒருமுறை தொங்கினால் அந்த டைமர் அத்தோடு சரி. யூனிட் ஃபைலில் டைம்அவுட்ஸ்டார்ட்செக் வரியை எழுதியே ஆக வேண்டும்.

அப்புறம், வேலை வெற்றியாக முடியும் கடைசி வரியில் ஒரு ஃபைலைத் தொட்டுவைக்கச் சொல்லுங்கள். தினசரி வேலை என்றால் அந்த ஃபைல் 26 மணி நேரத்துக்கு மேல் பழையதா என்று வேறொரு இடத்திலிருந்து பார்த்து எச்சரிக்கை அனுப்புங்கள். அந்தச் சோதனையையும் அதே சர்வரின் கிரானில் போட்டு வைத்திருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன், தயவுசெய்து வேண்டாம்.