‘வண்டி தூரத்துலதான் வருது’

காரைக்குடியில் செக்காலை ரோட்டையோ நூறடி ரோட்டையோ நடந்து கடக்கிறவர்களிடம் ஒரு பொதுவான உத்தி உண்டு. வலப்பக்கம் ஒரு பார்வை. "தூரத்துலதான் வருது, வாங்க ஆச்சி" என்று ஒரு குரல். அப்புறம் வண்டிகளின் பக்கம் கையை நீட்டி, உள்ளங்கையைக் காட்டியபடியே இறங்கிவிடுவார்கள். வெளியூர்க்காரருக்கு இது அசட்டுத் துணிச்சலாகத் தெரியும். ஆனால் அந்த ஓரிரு வினாடிக்குள் கண்ணும் மூளையும் போடும் கணக்கு லேசுப்பட்டதல்ல. சிக்கல் என்னவென்றால், அந்தக் கணக்கில் தீராத ஒரு பிழை இருக்கிறது. வண்டியின் வேகம் ஏற ஏற அந்தப் பிழையும் ஏறுகிறது.

ஏழு மீட்டர் அகலமுள்ள இருவழிச் சாலையை எடுத்துக்கொள்வோம். சாலைப் பொறியாளர்கள் நடப்பவரின் வேகத்தை வழக்கமாக வினாடிக்கு 1.2 மீட்டர் என்று வைத்துக்கொள்வார்கள். அப்படியானால் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்குப் போக ஏறத்தாழ ஆறு வினாடி. முட்டிவலியோடு வினாடிக்கு 0.8 மீட்டர் நடக்கிறவருக்கு ஒன்பது வினாடி. ஆக, கடக்கிறவருக்குத் தெரியவேண்டியது ‘வண்டி வந்து சேர எத்தனை வினாடி ஆகும்’ என்பதுதான். கண்ணுக்குச் சட்டென்று தெரிவதோ தூரம் மட்டும்.

அறுபது மீட்டர் தள்ளி ஒரு கார் வருகிறது. மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் வந்தால் அது நம்மிடம் வர ஏழு வினாடிக்குமேல் ஆகும்; சாவகாசமாகக் கடந்துவிடலாம். அதே கார் 60 கிலோமீட்டர் வேகத்தில் வந்தால் மூன்றரை வினாடிதான். அதற்குள் நடுச்சாலையைத் தாண்டியிருப்போம், அவ்வளவே. இரண்டு தடவையும் கண்ணுக்குத் தெரிந்தது அதே அறுபது மீட்டர். சாலை கடப்பதை ஆராய்ந்தவர்கள் பல நாடுகளில் பார்த்தது இதுதான்: மனிதர்கள் பெரும்பாலும் தூரத்தை வைத்தே முடிவெடுக்கிறார்கள். அதனால் வண்டி வேகமாக வரும்போது, தங்களை அறியாமலே குறைவான நேர இடைவெளியில் இறங்கிவிடுகிறார்கள். வயதானவர்களிடம் இந்தப் போக்கு இன்னும் அதிகம்.

வேகத்தை ஏன் கண்ணால் பிடிக்க முடியவில்லை? பக்கவாட்டில் ஓடும் வண்டியின் வேகம் எளிதில் தெரியும். பின்னால் உள்ள கடை, மரம், கம்பம் எல்லாவற்றையும் அது தாண்டிப் போவதைப் பார்க்கிறோமே. நம்மை நோக்கி நேராக வரும் வண்டி எதையும் தாண்டுவதில்லை. நின்ற இடத்திலேயே கொஞ்சம் கொஞ்சமாகப் பெரிதாகிறது. அந்தப் பெருக்கம் ஒன்றுதான் மூளைக்குக் கிடைக்கும் தடயம். நூறு மீட்டரிலிருந்து தொண்ணூறு மீட்டருக்கு வரும்போது வண்டியின் தோற்றம் சுமார் 11 சதவீதம்தான் வளரும். இருபது மீட்டரிலிருந்து பத்து மீட்டருக்கு வரும்போது இரண்டு மடங்காகும். நகர்ந்தது இரண்டிலும் பத்து மீட்டர்தான். முடிவெடுக்க வேண்டிய நேரத்தில், அதாவது வண்டி தொலைவில் இருக்கும்போது, தடயம் மிகச் சன்னமாக இருக்கிறது. தடயம் பளிச்சென்று தெரியும்போது முடிவெடுக்கும் நேரம் போய்விடுகிறது.

இதில் பைக் இன்னும் மோசம். பேருந்தின் அகலம் இரண்டரை மீட்டர், பைக்கின் அகலம் முக்கால் மீட்டர்கூடத் தேறாது. ஒரே தூரம், ஒரே வேகம் என்றாலும் பைக்கின் பிம்பம் பேருந்தைவிட மூன்றில் ஒரு பங்கு அளவில்தான் விரியும். அதனால் சிறிய வண்டி தாமதமாக வந்து சேரும் என்று மனம் தப்பாக மதிப்பிடுகிறது. பேருந்து வந்தால் ஒதுங்கி நிற்கிறவர் பைக்குக்கு முன்னால் துணிந்து இறங்குவதற்கு, ‘பைக்குக்காரன் வளைந்து போய்விடுவான்’ என்ற நம்பிக்கை ஒரு பாதி என்றால், கண்ணின் இந்தப் பிழை மறுபாதி. ராத்திரியில் ஒற்றை விளக்கு மட்டும் தெரியும்போது அகலம் என்ற தடயமே இல்லாமல் போகிறது.

குழந்தைகளின் நிலையைத் தனியாகச் சொல்ல வேண்டும். லண்டன் பல்கலைக்கழகத்தின் ராயல் ஹாலோவே கல்லூரி உளவியலாளர்கள் இந்தப் பிம்ப விரிவைக் குழந்தைகள் எவ்வளவு உணர்கிறார்கள் என்று சோதித்தார்கள். ஆரம்பப் பள்ளி வயதினரால், மணிக்கு 20, 25 மைலுக்கு (32 முதல் 40 கிலோமீட்டர்) மேல் வரும் வண்டி நெருங்கி வருகிறது என்பதையே நம்பகமாகக் கண்டுகொள்ள முடியவில்லை. "பார்த்துப் போடா" என்று பிள்ளையைத் திட்டுகிறோம். அவன் பார்த்துத்தான் போகிறான். அந்த வயதின் பார்வைக்கு எட்டாத வேகத்தில் வண்டி வருகிறது.

இனி ஓட்டுகிறவர் பக்கம். எதிரில் ஆள் இறங்குவது கண்ணில் பட்டு, மூளையில் உறைத்து, கால் பிரேக்குக்குப் போவதற்குள் ஒன்றரை வினாடி ஆகிவிடும். இது கவனமாக ஓட்டுகிறவரின் கணக்கு. உலர்ந்த சாலை, நல்ல டயர், நல்ல பிரேக் என்றே வைத்துக்கொண்டாலும், 30 கிலோமீட்டர் வேகக் கார் அந்த ஒன்றரை வினாடியில் பன்னிரண்டரை மீட்டர் ஓடும், பிறகு ஐந்து மீட்டரில் நிற்கும். மொத்தம் பதினேழரை மீட்டர். 50 கிலோமீட்டர் வேகத்தில் வந்த கார், பிரேக்கைத் தொடுவதற்கு முன்பே இருபது மீட்டருக்குமேல் ஓடியிருக்கும். இந்த இரண்டு வரியையும் சேர்த்துப் படித்தால்தான் விபரீதம் புரியும். பதினெட்டு மீட்டர் முன்னால் ஒரு பையன் ஓடிவந்தால், முதல் கார் அவன்மீது படாமல் நின்றுவிடும். இரண்டாவது கார் வேகம் கொஞ்சமும் குறையாமல், முழு 50 கிலோமீட்டரிலேயே வந்து மோதும். வேகத்தில் வித்தியாசம் இருபது கிலோமீட்டர். மோதும் ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தில் ஏறுவதால் அந்த இரண்டாவது காரிடம் இருப்பது 2.8 மடங்கு.

சாலை வடிவமைக்கும்போது, எல்லாம் நன்றாக இருக்கும் என்று நம்பி இப்படிக் கணக்குப் போடுவதில்லை. நாட்டின் சாலைத் தரங்களை வகுக்கும் இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ் என்ற அமைப்பின் விதிகள் ஓட்டுநருக்கு இரண்டரை வினாடி கொடுத்து, வழுக்கலையும் கணக்கில் சேர்த்து, 40 கிலோமீட்டர் வேகத்துக்கு 45 மீட்டர், 60 கிலோமீட்டருக்கு 80 மீட்டர் நிறுத்தத் தூரம் வேண்டும் என்கின்றன. செம்மண் தூசி படிந்த தார்ச்சாலையில் முதல் மழைத் தூறல் விழுந்த நாளில் இது மிகையான கணக்கு என்று யாரும் சொல்லமாட்டார்கள்.

2022ஆம் ஆண்டு இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர் என்கிறது மத்திய அரசின் அறிக்கை. அதில் நடந்து போனவர்கள் 32,825 பேர், ஏறத்தாழ ஐந்தில் ஒருவர். ஆட்களும் வண்டிகளும் கலந்து புழங்கும் இடங்களில் 30 கிலோமீட்டருக்கு மேல் கூடாது என்று 2020இல் ஸ்டாக்ஹோமில் பல நாடுகள் கூடி அறிவித்ததற்குக் காரணம் மேலே சொன்ன பௌதிகம்தான்.

வேகத்தைக் குறைக்கச் சொன்னால் ஓட்டுநர்கள், "மெதுவாத்தானே வந்தேன்" என்பார்கள். பொய் சொல்கிறார்கள் என்று நினைக்க வேண்டாம். திருச்சியிலிருந்து திருமயம் வழியாகத் தேசிய நெடுஞ்சாலையில் ஒரு மணி நேரத்துக்குமேல் 90இல் வந்தவருக்கு, காரைக்குடிக்குள் 50 என்பது ஊர்வதுபோல் இருக்கும். வேகத்துக்குப் பழகிய கண், குறைந்த வேகத்தை அதைவிடவும் குறைவாகவே உணரும். செட்டிநாட்டின் அமைப்பும் இதற்குத் துணைபோகிறது. சமதரையில் நேர்கோடாகப் போகும் சாலைகள், கானாடுகாத்தான் போன்ற ஊர்களில் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டம் போட்டது போன்ற தெருக்கள், ஒரு தெருவில் முகப்பும் மறு தெருவில் பின்கட்டுமாக நீளும் வீடுகள். தெருவின் கோடி வரைக்கும் தெரிவதால் கால் தன்னால் ஆக்சிலேட்டரை அழுத்தும். முக்கில் உயரமான மதில் நிற்பதால் குறுக்குத் தெருவிலிருந்து வருகிறவர் கடைசி நொடிவரை தெரியமாட்டார். நேர்ப்பார்வை தாராளம், பக்கப்பார்வை பூஜ்யம்: ஓட்டுநருக்குப் பொய்யான தைரியம் கொடுக்க இதைவிடப் பொருத்தமான ஏற்பாடு கிடையாது.

காரைக்குடியிலேயே கல்லுக்கட்டிப் பக்கம் போய்ப் பாருங்கள். அங்கே நெரிசல், கூச்சல், சாலைவரை நீண்ட கடைச் சாமான்கள். ஆனால் ஆட்கள் சாதாரணமாகக் குறுக்கே நடக்கிறார்கள். சாலையோரப் பொருட்கள் நெருக்கமாக இருந்தால் அவை ஓட்டுநரின் கண்ணோரத்தில் வேகமாக ஓடி மறையும். குறைந்த வேகமே அதிகமாகத் தோன்றும். அகலமான நூறடி ரோட்டில் அந்த உணர்வு வராது. சாலையை அகலப்படுத்தினால் பாதுகாப்பு கூடும் என்ற நம்பிக்கை நம் ஊர்களில் வேரோடியிருக்கிறது. நடக்கிறவர் கோணத்தில் அது பெரும்பாலும் தலைகீழ் உண்மை.

சரி, ஜீப்ரா கோடு போட்டால் போதாதா? பிரிட்டனில் கடக்கும் இடங்களுக்கு முதலில் வந்தவை கோடுகள் அல்ல. 1934இல் உச்சியில் ஆரஞ்சு உருண்டை வைத்த கம்பங்கள். கறுப்பு வெள்ளைப் பட்டைகள் சட்டத்தில் ஏறியது 1951இல். கம்பம் முக்கியம் என்பதற்கு எளிய கணக்கு ஒன்று போடலாம். கார் ஓட்டுநரின் கண் தரையிலிருந்து 1.2 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மூன்று மீட்டர் நீளமுள்ள வெள்ளைப் பட்டை ஐம்பது மீட்டர் தொலைவிலிருந்து பார்த்தால், அதே இடத்தில் ஏழு சென்டிமீட்டர் உயரத்துக்கு ஒரு பலகையை நிறுத்தி வைத்தால் எப்படித் தெரியுமோ அவ்வளவுதான் தெரியும். பாதி அழிந்த பெயிண்ட் என்றால் அதுவும் இல்லை. மேலே நின்று பார்க்கும் நமக்கு அது பெரிய வெள்ளைப் பாய். ஓட்டுநருக்கு ஒரு கீற்று.

அமெரிக்காவில் முப்பது நகரங்களில் கோடு போட்ட ஆயிரம் இடங்களையும் போடாத ஆயிரம் இடங்களையும் ஒப்பிட்டார்கள். இருவழிச் சாலைகளில் கோட்டினால் விபத்து விகிதம் மாறவே இல்லை. பல தடங்களும் அதிகப் போக்குவரத்தும் உள்ள சாலைகளில், வேறு ஏற்பாடு இல்லாமல் கோடு மட்டும் போட்ட இடங்களில் விபத்து விகிதம் அதிகமாகவே இருந்தது. அதற்கு முக்கியக் காரணம் ‘இரண்டாவது வண்டி’. ஒரு கார் நின்று வழிவிடுகிறது. நன்றி சொல்லிக்கொண்டே நடக்கிறோம். நின்ற காரின் மறைவில், அடுத்த தடத்தில், ‘இவன் எதுக்கு நிக்கிறான்’ என்று இன்னொரு வண்டி முந்துகிறது. நடப்பவரும் அந்த ஓட்டுநரும் ஒருவரையொருவர் பார்க்க வாய்ப்பே இல்லை. நம் ஊரில் அந்த இரண்டாவது வண்டி பெரும்பாலும் பைக். முதல் வண்டி டவுன் பஸ்ஸாக இருந்துவிட்டால் மறைப்பு முழுமையாகிவிடும். நின்ற பஸ்ஸின் முன்பக்கமாகக் கடப்பதைவிட ஆபத்தானது வேறொன்று இருப்பது அரிது. அதனால்தான் பேருந்து நிறுத்தத்தை, ஆட்கள் கடக்கும் இடத்துக்கு அப்பால் வைக்க வேண்டும் என்பார்கள். இறங்கியவர்கள் பஸ்ஸுக்குப் பின்னால் போய்க் கடக்கட்டும் என்று.

கையை நீட்டும் பழக்கத்துக்கு வருவோம். சிக்னல் இல்லாத கடப்பிடத்தில் ஓட்டுநர் வேகத்தைக் குறைத்து, நின்று, வழிவிட வேண்டும் என்பது 2017 மோட்டார் வாகன ஓட்டுதல் விதிமுறைகளிலேயே இருக்கிறது. சாலையில் அந்த விதியை அமல்படுத்துவது பெரும்பாலும் அந்த நீட்டிய கைதான். சீனாவில் செய்த ஆய்வு, கை காட்டினால் வழிவிடும் ஓட்டுநர்கள் அதிகமாவதைக் காட்டியது. பிரான்சில் ஓட்டுநரின் கண்ணை நேராகப் பார்த்தாலே நிற்பவர்கள் கூடினார்கள். கறுப்பு ஸ்டிக்கர் ஒட்டிய கண்ணாடிக்குப் பின்னால் இருப்பவரின் கண்ணை எங்கே தேடுவது என்பது வேறு விஷயம்.

முழுச் சாலையும் காலியாகட்டும் என்று நாம் காத்திருப்பதும் இல்லை. ஒரு தடம் காலியானால் அதில் இறங்கி, நடுவில் ஒரு கணம் நின்று, அடுத்த தடத்தின் இடைவெளியில் நுழைகிறோம். இதை ‘உருளும் இடைவெளி’ என்று பொறியாளர்கள் தனியாகவே ஆராய்கிறார்கள். ஒழுங்கீனம் என்று திட்டுவதைவிட, அதற்கு நடுவில் ஒரு மேடை கட்டிக்கொடுப்பது புத்திசாலித்தனம். சென்டர் மீடியனில் இரண்டு மீட்டர் அகலத்துக்கு ஒதுங்க இடம் கிடைத்தால், ஆறு வினாடி இடைவெளிக்குப் பதில் மும்மூன்று வினாடியாக இரண்டு இடைவெளி போதும். ஒரு நேரத்தில் ஒரு பக்கம் மட்டும் பார்த்தால் போதும். கடக்கும் இடத்தையே நடைபாதை உயரத்துக்குத் தூக்கிவிட்டால் அதுவே வேகத்தடையாகவும் ஆகும்.

இவற்றை எங்கே போடுவது என்பதற்கும் ஒரு பழைய சூத்திரம் இருக்கிறது. நெரிசல் நேரத்தில் ஒரு மணிக்குக் கடக்கும் ஆட்களின் எண்ணிக்கையை, வண்டிகளின் எண்ணிக்கையின் வர்க்கத்தால் பெருக்க வேண்டும். நடுத்தடுப்பு இல்லாத சாலையில் விடை பத்துக் கோடியைத் தாண்டினால் கட்டுப்பாடுள்ள கடப்பிடம் தேவை. ஆயிரம் வண்டிகள் ஓடும் சாலைக்கு நூறு பேர் போதும். எனக்கு இதில் ஒரு குறை படுகிறது: பயந்துபோய் அந்தப் பக்கமே வராதவர்களை இந்தச் சூத்திரம் எண்ணுவதில்லை.

இரவுக்கு மட்டும் விதிகள் வேறு. தைப்பூசத்துக்குச் செட்டிநாட்டிலிருந்து பழனிக்குப் பாதயாத்திரை போகிறவர்கள் குன்றக்குடி, சிங்கம்புணரி, நத்தம் என்று வெயிலுக்கு அஞ்சி இருட்டிலும் நடக்கிறார்கள். எதிரே வரும் விளக்கு நமக்குப் பளிச்சென்று தெரிவதால், ஓட்டுநருக்கும் நாம் அப்படித் தெரிகிறோம் என்று நினைத்துவிடுகிறோம். வண்டி விளக்கின் தாழ்ந்த ஒளிக்கற்றை (லோ பீம்) தரையை ஒட்டித்தான் விழுகிறது. முதலில் வெளிச்சம் படுவது காலில். முதுகுப் பையில் ஒட்டிய, வெளிச்சம் பட்டால் ஒளிரும் பட்டை ஓட்டுநருக்கு ஏதோ மின்னுகிறது என்று மட்டும் சொல்லும். மைல்கல்லா, நின்ற வண்டியா, ஆளா என்று சொல்லாது.

1973இல் ஸ்வீடன் உளவியலாளர் குன்னார் யோஹான்சன், இருட்டில் நடப்பவர்களின் மூட்டுகளில் மட்டும் ஒளிப்புள்ளிகளை வைத்துப் படமெடுத்துக் காட்டினார். புள்ளிகள் அசையாதபோது யாருக்கும் எதுவும் புரியவில்லை. அசைந்த உடனே ‘மனிதர் நடக்கிறார்’ என்று கண்டுகொண்டார்கள். மனித நடைக்கு மூளையில் அப்படி ஒரு தனிக் கூர்மை. பிறகு சாலையில் செய்த சோதனைகளிலும், மார்பில் ஒளிரும் சட்டை மட்டும் போட்டவரைவிடக் கணுக்கால், முழங்கால், மணிக்கட்டில் பட்டை கட்டியவரை ஓட்டுநர்கள் வெகு தொலைவிலேயே ஆள் என்று கண்டுபிடித்தார்கள். கையில் இருப்பது ஒரே சுருள் பட்டை என்றால், அதை இரண்டாகக் கத்தரித்து இரண்டு கணுக்காலிலும் சுற்றிக்கொள்ளலாம். நடையில் அதிகமாக வீசி அசைவதும், விளக்கின் வெளிச்சம் முதலில் தொடுவதும் அந்த இடம்தான்.