அட்மிஷன் வந்துவிட்டது, சீட் இன்னும் வரவில்லை

ஏப்ரல் மாதத்தில் என் மேசைக்கு வரும் கடிதங்கள் பெரும்பாலும் கசங்கித்தான் இருக்கும். வீட்டில் ஆளாளுக்கு வாங்கிப் படித்து, ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குக் கொண்டுபோய்க் காட்டி, நாலாக மடித்துக் கைப்பையில் வைத்து எடுத்து வருவார்கள். போன வருடம் ஒரு தாய் அப்படி ஒரு கடிதத்தை என் முன்னால் விரித்து, உள்ளங்கையால் நீவிவிட்டு, கடைசி வரியில் விரலை வைத்தார். செலுத்த வேண்டிய மீதம் பூஜ்யம் என்று போட்டிருந்தது. முதியோர் இல்லத்தில் இரவு ஷிஃப்ட் முடித்து நேரே வந்திருந்தார், சீருடைகூட மாற்றவில்லை. "அப்போ எல்லாமே இலவசம்தானே மேடம்?" என்று கேட்டார். பக்கத்தில் மகள், அந்தக் கல்லூரியின் பெயர் போட்ட டீஷர்ட்டில் உட்கார்ந்திருந்தாள்.

இல்லை என்று சொல்ல வேண்டியிருந்தது. ஏன் என்பதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

மேரிலாந்தில், வாஷிங்டனை ஒட்டிய பகுதியில் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் கல்லூரி ஆலோசகராக இருக்கிறேன். எங்கள் பிள்ளைகளில் பெரும்பாலோர் கறுப்பினத்தவர்கள். அவர்களில் பலருக்கு எச்.பி.சி.யூ. என்ற நான்கு எழுத்து சிறுவயதுக் கனவு. 1964க்கு முன்பு, கறுப்பின மக்களின் கல்வியையே முதல் நோக்கமாகக் கொண்டு தொடங்கிய கல்லூரிகளை அமெரிக்கச் சட்டம் இப்படி அழைக்கிறது. நாடு முழுவதும் சுமார் 100 இருக்கின்றன. பென்சில்வேனியாவின் செய்னி 1837லேயே தொடங்கியது. எங்கள் மாநிலத்தில் மட்டும் போவி, மார்கன், காப்பின், ஈஸ்டர்ன் ஷோர் என்று நான்கு அரசுப் பல்கலைக்கழகங்கள். எல்லையைத் தாண்டினால் தலைநகரில் ஹாவர்டு (ஹார்வர்டு இல்லை, இது வேறு).

இந்தக் கனவின் ஆழம் புரிய ஒரு உள்ளூர்க் கதை போதும். தர்குட் மார்ஷல் பால்டிமோர்க்காரர். அன்று மேரிலாந்து சட்டக் கல்லூரியில் கறுப்பர்களுக்கு இடமில்லை. ஹாவர்டில் சட்டம் படித்து 1933ல் பட்டம் வாங்கினார். மூன்றே வருடத்தில், தன்னைப் போன்றவர்களைச் சேர்க்காத அந்தச் சட்டக் கல்லூரியின் கதவை வழக்காடித் திறக்க வைத்தார். பிற்பாடு உச்ச நீதிமன்றத்தின் முதல் கறுப்பின நீதிபதி ஆனார். எங்கள் பிள்ளைகளின் பாட்டிமாருக்கு இது பாடப்புத்தக வரலாறு கிடையாது, பக்கத்துத் தெருவில் நடந்தது.

விண்ணப்பம் போடுவது கடினமில்லை. காமன் பிளாக் காலேஜ் அப்ளிகேஷன் என்று ஒன்று இருக்கிறது. 20 டாலர் கட்டி ஒரே படிவத்தை நிரப்பினால் 60க்கும் மேற்பட்ட கல்லூரிகளுக்குப் போய்விடும். எல்லாக் கல்லூரிகளும் அதில் இல்லை. ஹாவர்டுக்குக் காமன் ஆப் என்ற இன்னொரு பொது விண்ணப்பத் தளம் வழியாகப் போக வேண்டும், அங்கே குறைந்த வருமானக் குடும்பங்களுக்குக் கட்டண விலக்கு உண்டு. 60 கல்லூரிக்குப் படிவம் போனதால் 60 இடத்திலும் வேலை முடிந்துவிட்டது என்று நினைக்கிற பிள்ளைகள் நிறையப் பேர். மார்க் பட்டியலும் சிபாரிசுக் கடிதமும் போய்ச் சேராத விண்ணப்பம் பாதியிலேயே நின்றுவிடும். நிஜமாகவே படிக்க விரும்பும் ஆறேழு கல்லூரிகளைக் குறித்துக்கொண்டு, ஒவ்வொன்றின் இணையப் பக்கத்திலும் உள்ளே போய் 'விண்ணப்பம் முழுமை' என்று வந்திருக்கிறதா பார்க்கச் சொல்வேன்.

விண்ணப்பத்தோடு பிள்ளைகள் எழுதி அனுப்பும் கட்டுரை விஷயத்தில் ஒன்று மட்டும். போன இலையுதிர் காலத்தில் ஒரு பையன் கொண்டுவந்த முதல் வரைவில் 1867ல் ஹாவர்டு தொடங்கியது, அங்கே யார் யார் படித்தார்கள் என்று ஒரே தகவல். கல்லூரிக்காரர்களுக்கு அவர்கள் வரலாறு தெரியாதா? "உனக்கு இதை யாரப்பா சொன்னது?" என்று கேட்டேன். மாமா என்றான். வருடா வருடம் பழைய மாணவர்கள் கூடும் ஹோம்கமிங் விழாவுக்குக் குடும்பத்தையே இழுத்துக்கொண்டு போவாராம். வீட்டில் அதிகம் பேசாத மனிதர், அங்கே மேளக் குழு வாசித்துக்கொண்டு போகும்போது பழைய ரூம்மேட்டைக் கட்டிப்பிடித்து அழுததை இவன் பார்த்திருக்கிறான். "அதை எழுது" என்றேன். 650 வார்த்தைக்குள் எழுதிவிட்டான். நான் ஒரு காற்புள்ளியைத் தவிர வேறெதையும் தொடவில்லை.

சரி, பணத்துக்கு வருவோம். எங்கள் பள்ளியில் அட்மிஷன் கிடைத்தும் ஆகஸ்டில் கல்லூரிக்குப் போகாத பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். அவர்களில் யாரும் மார்க் குறைந்து நின்றவர்கள் இல்லை, எல்லாருமே பணக் கணக்கில் நின்றவர்கள்.

முதல் படி ஃபாஃப்சா, அதாவது மத்திய அரசின் நிதியுதவிப் படிவம். இதற்குக் கட்டணமே கிடையாது. யாராவது காசு கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். மேரிலாந்து மாநில உதவிக்கு மார்ச் 1 கடைசி நாள். இந்தப் படிவத்தில் எங்கள் பகுதிக் குடும்பங்கள் அடிக்கடி தடுமாறுவது ஒரே இடத்தில். பிள்ளையைப் பாட்டி வளர்த்திருப்பார். பெற்றோர் என்ற கட்டத்தில் பாட்டியின் வருமானத்தைப் போட்டுவிடுவார்கள். சட்டப்படி தத்தெடுத்திருந்தால் தவிர, பாட்டி பெற்றோர் ஆக மாட்டார். நீதிமன்றம் அவரைக் காப்பாளராக நியமித்திருந்தால் பிள்ளை 'சுயாதீன மாணவர்' ஆகிவிடும், பெற்றோர் விவரமே தேவையில்லை. அந்த உத்தரவும் இல்லை, அம்மா எங்கே என்றே தெரியாது என்றால், அசாதாரணச் சூழ்நிலை என்ற கேள்விக்கு ஆம் என்று சொல்லிப் படிவத்தை அனுப்பலாம். முடிவைக் கல்லூரி எடுக்கும். அதற்கு ஆலோசகர், பாஸ்டர், சமூகப் பணியாளர் போன்றவர்களின் கடிதம் கேட்பார்கள். அந்தக் கடிதம் எழுதுவதை என் வேலையில் முக்கியமான ஒன்றாக நினைக்கிறேன். பிள்ளைகள் வெட்கப்பட்டுக்கொண்டு டிசம்பர் வரை சொல்லாமல் இருந்துவிடுகிறார்கள். தயவுசெய்து செப்டம்பரிலேயே சொல்லுங்கள்.

இப்போது அந்தத் தாயின் கடிதம். அவர் அடையாளம் தெரியாமலிருக்க எண்களைக் கொஞ்சம் மாற்றியிருக்கிறேன். வெளி மாநிலத்துக் கல்லூரி. டியூஷன், ஹாஸ்டல், சாப்பாடு எல்லாம் சேர்த்து வருடத்துக்கு 34,000 டாலர். அதன் கீழே 'உங்களுக்கான உதவி' என்ற தலைப்பில் நான்கு வரிகள். மத்திய அரசின் பெல் கிராண்ட் 7,395. கல்லூரி ஸ்காலர்ஷிப் 6,000. மாணவர் கடன் 5,500. பேரண்ட் பிளஸ் 15,105. மொத்தம் 34,000, மீதம் பூஜ்யம்.

மஞ்சள் மார்க்கரை எடுத்து முதல் இரண்டு வரிகளை மட்டும் பூசினேன். திருப்பித் தர வேண்டாத பணம் இவ்வளவுதான், 13,395. மூன்றாவது, மகள் பட்டம் வாங்கியபின் வட்டியோடு கட்ட வேண்டியது. நான்காவது, அம்மாவின் பெயரில் வாங்கும் கடன். அவர் அதற்கு விண்ணப்பிக்கவே இல்லை. அவர் வாங்கிக்கொள்வார் என்று வைத்துக் கல்லூரி கணக்கை நேர் செய்திருக்கிறது. நான்கு வருடத்துக்கு 60,420 டாலர், ஓர் இரவு ஷிஃப்ட் ஊழியரின் தலையில். அவர் ரொம்ப நேரம் எதுவும் பேசவில்லை. மகள் டீஷர்ட்டின் நுனியைச் சுருட்டிக்கொண்டே இருந்தாள்.

கல்லூரிகள் ஏமாற்றுகின்றன என்று சொல்ல வரவில்லை. கொடுக்க அவர்களிடம் பணம் இல்லை, அதற்கு ஒரு காரணம் இருக்கிறது. 1890 சட்டத்தின்படி நிலக்கொடைக் கல்லூரிகளாக, அதாவது மத்திய, மாநில அரசுகளின் பணத்தில் நடக்க வேண்டிய கல்லூரிகளாக, வந்த கறுப்பினப் பல்கலைக்கழகங்களுக்கு மாநிலங்கள் நியாயமான பங்கைத் தராமல் பல பத்தாண்டுகள் ஓட்டின. 16 மாநிலங்களில் இப்படி விடுபட்ட தொகை 12 பில்லியன் டாலருக்கும் மேல் என்று 2023ல் மத்திய அமைச்சர்கள் இருவரே ஆளுநர்களுக்குக் கடிதம் எழுதினார்கள். எங்கள் மேரிலாந்தில் 2006ல் தொடங்கிய வழக்கு 2021ல்தான், 577 மில்லியன் டாலர் தர மாநிலம் ஒப்புக்கொண்டபின், முடிந்தது. பழைய அநியாயத்தின் பில் இன்றைக்கு ஒரு தாயின் கைப்பையில் வந்து விழுகிறது. எனக்கு இது ஆறவே ஆறாத கோபம்.

பேரண்ட் பிளஸ் பற்றி இன்னும் கொஞ்சம். 2011ல் இந்தக் கடனுக்கான கிரெடிட் விதிகளை அரசு திடீரென்று இறுக்கியபோது ஆயிரக்கணக்கான எச்.பி.சி.யூ. குடும்பங்களுக்குக் கடன் மறுக்கப்பட்டது, படித்துக்கொண்டிருந்த பிள்ளைகள் பாதியில் வீட்டுக்கு வந்தார்கள். 2026 ஜூலை முதல் புதிதாகக் கடன் வாங்கும் பெற்றோருக்கு ஒரு பிள்ளைக்கு வருடம் 20,000, மொத்தம் 65,000 டாலர் என்று உச்ச வரம்பு. பெற்றோருக்கு மறுக்கப்பட்டால் முதலாண்டு மாணவர் தன் பெயரில் கூடுதலாக 4,000 வரை வாங்கலாம். மறுப்புக் கடிதத்தை அவமானமாக நினைத்துக் கிழித்துப் போட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்தத் தாளுக்கும் மதிப்பு உண்டு, வைத்திருங்கள்.

அப்புறம் என்ன செய்தோம்? நிதியுதவி அலுவலகத்துக்கு மேல்முறையீடு எழுதினோம். ஓவர்டைம் நின்றுபோய் அவர் வருமானம் குறைந்திருந்தது, அதற்கான சம்பளச் சீட்டுகளை இணைத்தோம். அங்கே ஆட்கள் குறைவு, போன் எடுக்க மாட்டார்கள். காலை எட்டு மணிக்கே கூப்பிட்டு, பேசியவர் பெயரையும் தேதியையும் ஒரு நோட்டில் குறித்துக்கொள்ளச் சொன்னேன். 2,000 கூட்டித் தந்தார்கள். போதவில்லை. ஃபாஃப்சாவை மார்ச் 1க்கு முன்பே போட்டிருந்ததால் மாநில அரசின் கேரண்டீட் ஆக்சஸ் கிராண்ட் என்ற உதவித்தொகைக்கு அவள் தகுதி பெற்றாள். ஆனால் அது மேரிலாந்துக் கல்லூரியில் சேர்ந்தால்தான். எங்கள் மாநிலத்திலேயே இன்னொரு கறுப்பினப் பல்கலைக்கழகமும் அவளுக்கு இடம் தந்திருந்தது. அங்கே கணக்குப் போட்டால் குறை வருடம் 2,000க்கும் கீழே. அதை அடைக்க அவர்கள் சர்ச்சும், அத்தை உறுப்பினராக இருக்கும் சொராரிட்டி என்ற கல்லூரிப் பெண்கள் சங்கமும் சிறு ஸ்காலர்ஷிப்கள் கொடுத்தன. வெளியிலிருந்து வரும் ஸ்காலர்ஷிப்பைக் காட்டிக் கல்லூரி தன் உதவியைக் குறைக்கும் வழக்கத்துக்கு எதிராக முதலில் சட்டம் போட்ட மாநிலம் மேரிலாந்து, 2017ல். அரசுக் கல்லூரிகளைக் கட்டுப்படுத்தும் சட்டம் அது.

வெளி மாநிலம்தான் என்று பிடிவாதமாக இருப்பவர்களுக்கு வட கரோலைனாவின் எலிசபெத் சிட்டி, ஃபேயட்வில் இரண்டையும் காட்டுவேன். அங்கே வெளி மாநிலத்தவருக்கும் ஒரு செமஸ்டர் டியூஷன் 2,500 டாலர்தான். எந்தக் கல்லூரியானாலும் அங்கீகாரம் இருக்கிறதா என்று பாருங்கள். அட்லாண்டாவின் மாரிஸ் பிரவுன் 2002ல் அதை இழந்து, 2022ல்தான் திரும்பப் பெற்றது. அங்கீகாரம் போனால் பெல் கிராண்டும் அரசுக் கடனும் கூடவே போய்விடும்.

தமிழ்ப் பெற்றோர்கள் சிலர் என்னிடம் குரலைத் தாழ்த்திக் கேட்பதுண்டு: நம் பிள்ளைகளைச் சேர்ப்பார்களா, தரம் எப்படி? எல்லாரையும் சேர்ப்பார்கள். இன்றைக்கு இந்தக் கல்லூரிகளின் மாணவர்களில் கால்வாசிப் பேர் கறுப்பினத்தவர் அல்லாதவர்கள். சியாமளா கோபாலனின் மகள் கமலா ஹாரிஸ் 1986ல் ஹாவர்டில் பட்டம் வாங்கினார் என்பது உங்களுக்கே தெரியும். நியூ ஆர்லியன்ஸின் சேவியர் கல்லூரி மருத்துவப் படிப்புக்கு அனுப்பும் கறுப்பினப் பிள்ளைகளின் எண்ணிக்கைக்காகவே பெயர் பெற்றது. குரலைத் தாழ்த்தாமலே கேளுங்கள் என்றுதான் சொல்வேன். இந்தியாவிலிருந்து மாணவர் விசாவில் வருபவர்களுக்கு ஃபாஃப்சா கிடையாது, குறைந்தது முதல் வருடச் செலவுக்காவது பணம் இருப்பதற்குச் சான்று காட்ட வேண்டும்.

அந்தப் பெண் ஆகஸ்ட் இரண்டாம் வாரம் எனக்கு மெசேஜ் அனுப்பினாள். கல்லூரியில் அவள் கணக்கில் ஒரு ஹோல்டு, அதாவது தடை, வகுப்புகள் எல்லாம் பிளாக். பணப் பாக்கியாகத்தான் இருக்கும் என்று பயந்துபோயிருந்தாள். பார்த்தால், தடுப்பூசிச் சான்று போய்ச் சேரவில்லை. அவள் அம்மா ஷிஃப்ட் முடிந்து, தாளை எடுத்துக்கொண்டு 40 நிமிடம் காரோட்டி, சுகாதார மையம் திறக்கும்போது வாசலில் நின்றிருக்கிறார். ஒன்பதரைக்கு ஹோல்டு போய்விட்டது. மதியம் ஒரு போட்டோ வந்தது: ஹாஸ்டல் கட்டிலில் இன்னும் பிரிக்காத போர்வை, ஜன்னலில் ஒரு டேபிள் ஃபேன், சீருடையிலேயே நாற்காலியில் தூங்கிப்போன அம்மா.