நரேட்டிவ்: எடுத்துரைப்பும் விடுபாடும்

'நல்லா நரேட்டிவ் செட் பண்றாங்க' என்ற பேச்சு இப்போது இலங்கை மலையகத்தில் ஹட்டன் பஸ்ஸிலும் காதில் விழுகிறது. யாரோ பொய் சொல்கிறார்கள் என்ற அர்த்தத்தில்தான் பெரும்பாலும் சொல்கிறார்கள். ஆனால் அந்தச் சொல்லுக்குள் பொய் இல்லை. லத்தீனில் 'நர்ராரே' என்றால் விவரித்துச் சொல்வது. விஷயம் தெரிந்தவர் என்று பொருள்படும் 'க்னாருஸ்' என்ற சொல்லிலிருந்து அது வந்தது. தெரிந்தவர் தெரியாதவருக்குச் சொல்வதுதான் நரேட்டிவ். எதைச் சொல்வது, எதை விடுவது என்பது தெரிந்தவர் கையில். எது விடப்பட்டது என்று கேட்பவருக்குத் தெரிய வழியே இல்லை.

திறனாய்வாளர்கள் இதைக் 'கதையாடல்' என்று எழுதுகிறார்கள். எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை. உரையாடல் போல, இரண்டு பேர் மாறி மாறிப் பேசுவதாக அது ஒலிக்கிறது. 'கட்டுக்கதை' இன்னும் தூரம். ஒரு சொல்கூடப் பொய்யில்லாமல் நரேட்டிவ் அமையலாம். நான் 'எடுத்துரைப்பு' என்பதையே சொல்வேன். குவிந்து கிடப்பதில் சிலதை எடுத்தால் மற்றது கீழே கிடக்கும் அல்லவா? அந்தத் தெரிவு சொல்லிலேயே இருக்கிறது. கீழே கிடப்பதை 'விடுபாடு' என்போம்.

2021இல் தேயிலைத் தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் ஆயிரம் ரூபா ஆனது. அடிப்படைச் சம்பளம் 900, அதோடு கொடுப்பனவு 100. உண்மைதான். கொழும்பில் அந்தச் செய்தியை வாசிப்பவர் அதை 25 நாளால் பெருக்கி, மாதம் 25,000 என்று முடிவுகட்டிவிடுவார். தோட்டத்தில் 'பேர்' என்று ஒன்று உண்டு. அன்றைய வேலை செக்ரோலில், அதாவது தோட்டத்து வேலைப் பதிவேட்டில், விழுந்தால் ஒரு பேர். கொழுந்து குறித்த கிலோவுக்கு வராவிட்டால் அரைப் பேர், அதாவது பாதிச் சம்பளம். அம்மா இடுப்பில் படங்குத் துணியைக் கட்டிக்கொண்டு நாள் முழுக்க மழையில் நின்றுவிட்டு, சாயங்காலம் தராசடியில் கூடையை இறக்கும்போது இரண்டு கிலோ குறைந்த நாட்கள் எனக்கு நினைவிருக்கின்றன. அன்று வீட்டில் யாரும் அதிகம் பேசமாட்டோம். செக்ரோலில் அரை என்று மட்டும் இருக்கும். கொழுந்தில்லாத மலை, காலெல்லாம் அட்டை, ஈரத்துக்கென்று கழித்த கிலோ எதுவும் அந்தச் சின்னக் கட்டத்துக்குள் வராது. ஆயிரம் ரூபாச் செய்திக்குள்ளும் வராது.

கணக்கியல் படித்தவர்களுக்கு இது சட்டென்று புரியும். தமிழ்நாட்டுப் பாடநூல்கள் இதை 'விடு பிழை' என்கின்றன. ஒரு கொடுக்கல் வாங்கலை ஒரு பக்கத்தில் எழுதி மறுபக்கத்தில் விட்டால் பரீட்சை மீதி, அதாவது இரு பக்கக் கூட்டுத்தொகையும் சமமா என்று பார்க்கும் பட்டியல், பொருந்தாது, பிடித்துவிடலாம். இரண்டு பக்கத்திலும் எழுதாமல் விட்டாலோ கணக்கு அழகாகப் பொருந்தும், விடுபட்டது வெளியே தெரியாது.

எல்லா விடுபாடும் ஒன்றல்ல. 'வந்தாள்' என்று சொன்னால் 'அவள்' வெளியே தெரிவதில்லை. ஆனால் 'ஆள்' விகுதி அவளைக் காட்டிக்கொடுக்கிறது. இதைத்தான் தோன்றா எழுவாய் என்று பாடசாலையில் படித்தோம். இது நேர்மையான விடுபாடு, தேடினால் ஆள் கிடைப்பார். செயப்பாட்டுவினை அப்படியல்ல. ஜேம்ஸ் டெய்லர் 1867இல் லூல்கந்துரவில் 19 ஏக்கரில் தேயிலைப் பயிர்ச்செய்கையைத் தொடங்கினார் என்று சிறுவயதில் மனப்பாடம் செய்தோம். அவருக்குப் பெயர் இருந்தது. அப்புறம் வந்ததெல்லாம் காடு வெட்டப்பட்டது, பாதை போடப்பட்டது, கன்று நடப்பட்டது என்றே இருந்தது. 'நடப்பட்டது' என்பதன் விகுதி கன்றைத்தான் காட்டும், நட்ட கையைக் காட்டாது. 19 ஏக்கரை ஒரு மனிதன் தனியாக நட்டிருக்க முடியாது என்று எனக்கு அன்று தோன்றவேயில்லை. என் பாட்டன் முப்பாட்டன் கதை அது என்றும் தோன்றவில்லை.

2023இல், மலையகத் தமிழர் இந்தியாவிலிருந்து இலங்கைக்கு வந்து 200 ஆண்டு நிறைந்ததை நினைவுகூர்ந்து, தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடந்தார்கள். அந்தப் பாதையைப் பற்றி எழுதும்போதாவது வினையை மாற்றிப் போடுங்கள். காட்டை வெட்டினார்கள், கன்றை நட்டார்கள் என்று எழுதினால், வகுப்பில் ஒரு பிள்ளையாவது 'யார் டீச்சர்?' என்று கேட்கும். தலைமன்னாரில் இறங்கி மாத்தளை வரைக்கும் காட்டு வழியே நடந்து வந்தவர்கள் என்று டீச்சர் அப்போது சொல்லியே ஆக வேண்டும்.