குமட்டல், ஓக்காளம், வாந்தி: மூன்றும் வேறு

“வாமிட்டிங் சென்சேஷன் இருக்கு டாக்டர்” என்பதற்குத் தமிழில் ஒரே சொல் போதும்: குமட்டல். மருத்துவ நூல்கள் சொல்லும் ‘நாசியா’, கப்பலைக் குறிக்கும் ‘நவுஸ்’ என்ற கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. முதலில் கடற்பயணக் குமட்டலைத்தான் குறித்தது.

குமட்டல் ஓர் உணர்வு. வாயில் எச்சில் ஊறும், முகம் வெளிறும், வியர்க்கும். அடுத்த படி ஓக்காளம் (மலையாளத்தில் ஓக்கானம்): வயிறு இழுத்துப் பிடிக்கும், வெளியே எதுவும் வராது. வந்துவிட்டால் வாந்தி. இது ‘வம்’ என்ற வடமொழி வேரில் பிறந்தது; லத்தீன் வழி வந்த ‘வாமிட்’ அதற்கு ஒன்றுவிட்ட உறவு. ஈழத்தில் சத்தி, வடமொழி ‘சர்தி’யின் திரிபு. தனித்தமிழ் வேண்டுவோருக்குக் கக்கல் உண்டு. ஆனால் வாந்தி வேரூன்றிவிட்ட சொல், அதை விரட்ட வேண்டியதில்லை. குமட்டலைத்தான் மீட்க வேண்டும்.

ஏனென்றால் புற்றுநோய்க்கு மருந்தேற்றும்போது தரும் ஆண்டன்செட்ரான் என்ற வாந்தித் தடுப்பு மருந்து, வாந்தியை அடக்கும் அளவுக்குக் குமட்டலை அடக்குவதில்லை. “வாந்தி இருக்கா?” என்று கேட்டால் நோயாளி “இல்லை” என்பார், தட்டில் சோறு அப்படியே இருக்கும். “குமட்டுதா?” என்று தனியாகக் கேட்டால்தான் மருந்தை மாற்ற வழி பிறக்கும். பேருந்துக் குமட்டல் உட்காதிலிருந்து கிளம்புவது. அதற்கும் ஆண்டன்செட்ரான் அவ்வளவாக உதவாது.

முக்காமல், குமட்டாமல் உணவு தானாக மேலேறி வருவது எதுக்களிப்பு. கைக்குழந்தை ஏப்பத்தோடு கொஞ்சம் பால் கக்குவதும் இதுவே. எடை ஒழுங்காக ஏறினால் மருந்து வேண்டாம்.

வயிற்றுப்போக்கோடு வாந்தி வந்தால் நீரிழப்புதான் முதல் ஆபத்து. உப்புச்சர்க்கரைக் கரைசல் (ஓ.ஆர்.எஸ்.) பொட்டலத்தில் பெரியதை 1 லிட்டர், சிறியதை 200 மில்லி என, அதில் அச்சிட்ட அளவு நீரில் முழுதாகக் கரைக்க வேண்டும். பாதியைக் கண்ணளவில் கொட்டினால் உப்பு ஏறிவிடும். குழந்தை வாந்தி எடுத்ததும் 10 நிமிடம் பொறுத்து, 2–3 நிமிடத்துக்கு ஒரு தேக்கரண்டியாகக் கொடுங்கள். தாகத்தில் ஒரு டம்ளரை மடமடவென்று குடித்தால் இரைப்பை விரிந்து எல்லாம் திரும்பி வரும்.

வாந்தியின் நிறத்தையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். காப்பித்தூள் போலிருந்தால் அது இரைப்பை அமிலத்தில் கறுத்த இரத்தமாக இருக்கலாம். பச்சிளங்குழந்தை பச்சை நிறத்தில் வாந்தி எடுத்தால் குடலடைப்பாக இருக்கக்கூடும். அந்த நிமிடமே மருத்துவமனைக்குத் தூக்கிச் செல்லுங்கள்.